நாட்டுப்புறக் குறிப்பேடு

நுழையும்முன்

இயற்கையைப் பாடும் மரபு தமிழுக்குப் பழையது. நாள்தோறும் வெளியே சென்று, பறவையையும் விலங்கையும் மரத்தையும் கூர்ந்து நோக்கி, கண்டதைக் கண்டவாறே உரைநடையில் பதிவுசெய்யும் மரபு நமக்குப் புதியது. அம்மரபுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்த தமிழர் மா. கிருஷ்ணன். நீர்நிலைகளிலும் காடுகளிலும் வீட்டுக் கொல்லையிலும் அவர் கண்டவை எவை? அதற்காக அவர் விட்டுக்கொடுத்தவை எவை? அறிந்துகொள்வோம்.

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் நோக்கிச் செல்பவருக்கு மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக உடன்வரும். வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டில், கார்த்திகை மார்கழி மாதங்களில் மலையடிவாரத்துக் கண்மாய்கள் நிரம்பி நிற்கும். கரையோர வயல்களில் கொக்குகள் இறங்கும். ஆழம் குறைந்த இடத்தில் நாரைகள் அசையாது நின்று மீனுக்காகக் காத்திருக்கும். நீர்க்காகங்கள் மூழ்கி எழுந்து, பட்டமரக் கிளையில் சிறகை விரித்து உலர்த்தும். இராசபாளையத்தை நெருங்கும்போது சஞ்சீவி மலை எதிர்ப்படும். பேருந்தில் செல்வோர் இவற்றையெல்லாம் பார்க்கத்தான் செய்கின்றனர். ஆயினும், அங்கே நிற்பது எந்தப் பறவை, அது இவ்வூர்ப் பறவையா வலசை வந்ததா, கரையில் வளர்ந்திருப்பது எந்த மரம் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

கல்வி கற்றோரிடத்தும் காணப்படும் இவ்வறியாமையை ஒரு நாட்டின் பெருங்குறையாகக் கருதியவர் மா. கிருஷ்ணன். தம் மண்ணின் மரங்களையும் விலங்குகளையும் அறியாத மக்கள், அவை அழியும்போது அழிவதைக்கூட உணரமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. அக்கவலையே அவரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு எழுத வைத்தது.

குளத்தூர்க் குடும்பம்

நீர்நிலைக்குத் தமிழகத்தில் வட்டாரத்திற்கு ஒரு பெயர் உண்டு. தொண்டை நாட்டில் அது ஏரி. பாண்டிநாட்டின் வறண்ட பகுதிகளில் கண்மாய். பொருநை பாயும் நெல்லைச் சீமையில் குளம். கிருஷ்ணனின் தந்தை பிறந்த ஊருக்கே பெருங்குளம் என்று பெயர். நீரின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்ட அச்சிற்றூரில் 1872-ஆம் ஆண்டு பிறந்தவர் அ. மாதவையா. தமிழ்ப் புதின வரலாற்றில் தொடக்ககாலப் படைப்பாளிகளுள் ஒருவராகிய அவர், ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தால் புகழ்பெற்றவர். பெண்கல்வியையும் சமூகச் சீர்திருத்தத்தையும் வலியுறுத்தித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஆங்கில அரசின் உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் அலுவலராகப் பணியாற்றியமையால் ஊர் ஊராக மாறிச் செல்ல நேர்ந்தது.

மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டியாக 1912-ஆம் ஆண்டு சூன் திங்கள் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் கிருஷ்ணன் பிறந்தார். பணிக்காலம் முடியும் முன்னரே ஓய்வு பெற்ற மாதவையா, சென்னை மயிலாப்பூரில் குடியேறி அச்சகம் ஒன்றை நிறுவினார். 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழைத் தொடங்கினார். வீட்டில் எந்நேரமும் அச்சுமையின் மணமும் எழுத்தாளர்களின் பேச்சும் இருந்தன. சிறுவன் கிருஷ்ணனுக்குத் தமிழும் ஆங்கிலமும் அந்தச் சூழலிலேயே வாய்த்தன.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உரையாற்றிக்கொண்டிருந்தபோதே மாதவையா உயிர்துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. குடும்பத்தின் பொறுப்பை மூத்தோர் ஏற்றனர். மூத்த சகோதரியே இளையவரைப் பேணி வளர்த்தார். அண்ணன் மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். ஆங்கிலத்தில் புதினமும் எழுதினார். தம்பியோ வேறு வழியில் சென்றார்.

இன்றைய மயிலாப்பூரைக் கண்டவர்களுக்கு அன்றைய மயிலாப்பூரை எண்ணிப் பார்ப்பது கடினம். அது அப்போது நகரின் எல்லைப்பகுதி. வீடுகளைத் தாண்டினால் புதர்க்காடு. அங்கே நரிகள் திரிந்தன, வெளிமான்கள் மேய்ந்தன, பறவைகளுக்குக் கணக்கில்லை. கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். பள்ளிப் பாடங்களைவிடப் புதர்க்காட்டுப் பாடங்களே அவருக்கு விரைவில் மனத்தில் பதிந்தன.

கல்லூரியும் கானகமும்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிருஷ்ணன், 1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் கற்பித்தவர் பைசன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப்பகுதித் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர் அவர். வகுப்பறையில் உலர்ந்த இலையைக் காட்டிப் பாடம் நடத்துவதோடு அவர் நிறைவடையவில்லை, மலைகளுக்கே செல்வார். நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைகளுக்கும் அவர் மேற்கொண்ட பயணங்களில் கிருஷ்ணனும் உடன்சென்றார். செடியை அதன் இடத்தில், அதன் மண்ணில், அதன் பருவத்தில் காணவேண்டும் என்னும் பழக்கம் அங்கே உருவாயிற்று. பைசனின் மனைவியார் சிறந்த ஓவியர். அவரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டும் நுட்பத்தைக் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்த திறனுக்கு வித்து இதுவே.

தேர்வுகளில் அவர் பெற்ற மதிப்பெண்கள் பெருமைப்படத்தக்கவையாக இல்லை. 1931-இல் இளங்கலைப் பட்டம், பின்னர் முதுகலை, அதன்பின் சட்டப்படிப்பு என்று பட்டங்கள் சேர்ந்தன, வேலைதான் கிடைக்கவில்லை. வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டவில்லை. இதழ்களுக்குச் சிறு கட்டுரைகள் எழுதியும் படங்கள் வரைந்தும் சில ஆண்டுகள் கழிந்தன. உலகப் பொருளாதார நெருக்கடியின் தாக்கம் நீங்காத காலம் அது. எழுத்தை நம்பி வாழ்வது எளிதன்று. அதிலும் அணிலையும் ஆந்தையையும் பற்றிய எழுத்துக்கு அன்று கேட்பார் யார்?

சண்டூர் ஆண்டுகள்

1942-ஆம் ஆண்டு, இன்றைய கருநாடக மாநிலத்தின் பல்லாரிப் பகுதியில் இருந்த சண்டூர் என்னும் சிறு சமத்தானத்தில் கிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. ஒரு வேலை என்று கூறுவது பொருந்தாது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அடுத்தடுத்து வகித்தார். சிறிய அரசுகளில் படித்த ஒருவரிடம் பல வேலைகளை ஒப்படைப்பது அக்காலத்து இயல்பு.

அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அவருக்குக் காடும் குன்றுமே உலகம். சண்டூரைச் சூழ்ந்து இரும்புக் கனிமம் நிறைந்த குன்றுகள் உள்ளன. அண்மையில் துங்கபத்திரை ஆறும் அம்பியின் இடிபாடுகளும் உள்ளன. அக்குன்றுகளில் அவர் நாள்கணக்கில் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களை வளர்த்து, அவற்றைக்கொண்டு கடிதம் அனுப்பும் முறையைச் செயற்படுத்த முயன்றார். பட்டம் பெற்ற சட்ட அறிஞர் ஒருவர் ஆட்டு மந்தையின் பின்னே நடந்ததைக் கண்டு ஊரார் என்ன நினைத்தார்களோ! ஆனால், ஓர் உயிரினத்தை அறிய வேண்டுமானால் அதனோடு நெடும்பொழுது செலவிட வேண்டும் என்பதை அவர் அங்கேதான் முழுமையாகக் கற்றார்.

நிழற்படக் கலையிலும் சண்டூரில்தான் தேர்ச்சி பெற்றார். காட்டுயிர்களைப் படம்பிடித்த அனுபவங்களை ‘இல்லஸ்டிரேட்டட் வீக்லி’ இதழில் தொடராக எழுதினார். ‘தி இந்து’ நாளிதழில் ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்தை மட்டும் புனைபெயராகக் கொண்டு எழுதினார்.

நாடு விடுதலை பெற்றதும் சமத்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. 1949-இல் சண்டூரும் இணைந்தது. சமத்தானம் மறைய, அதனோடு வேலையும் மறைந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது முப்பத்தேழு, குடும்பம் இருந்தது. வேறொரு சமயமாயின் மீண்டும் ஓர் அலுவலகத்தை நாடியிருப்பார். அவரோ சென்னைக்குத் திரும்பி, மயிலாப்பூரில் குடும்ப நிலத்தில் இருந்த சிறு வீட்டில் தங்கி, எழுத்தையும் நிழற்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். மாத ஊதியம் என்பது அதன்பின் அவர் வாழ்வில் இல்லை. இத்துணிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. வாழ்நாள் இறுதிவரை எளிய வாழ்வே அவருக்கு வாய்த்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை

1950-ஆம் ஆண்டு கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘நாட்டுப்புறக் குறிப்பேடு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தியைத் தொடங்கினார். இரு வாரத்திற்கு ஒரு கட்டுரை. அது 46 ஆண்டுகள் தொடர்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். இந்தியாவில் இயற்கையைப் பற்றி ஒரே எழுத்தாளர் ஒரே இதழில் இத்தனை காலம் எழுதியதற்கு வேறு எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

இவ்வகை எழுத்துக்கு இங்கிலாந்தில் பழைய மரபு ஒன்று உண்டு. அந்நாட்டின் தென்பகுதியில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் (1720 – 1793) என்னும் பாதிரியார், தம் ஊரின் குன்றுச் சரிவையும் காட்டையும் குளங்களையும் ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றின் தொகுப்பு 1789-இல் நூலாயிற்று. ஊருக்கு அருகிலிருந்த வுல்மர் ஏரியில் குளிர்காலத்தில் வந்து தங்கும் வாத்துகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த மூன்று சிறு பறவைகளை, அவற்றின் குரல் வேறுபாட்டைக்கொண்டு மூன்று தனி இனங்கள் என்று முதலில் தெளிந்தவரும் அவரே. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே மறைகின்றன என்னும் வினாவுக்கு மட்டும் அவரால் உறுதியான விடை காண இயலவில்லை. அவை எங்கோ ஒளிந்து உறங்கக்கூடும் என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அவை கடல் கடந்து தெற்கே செல்கின்றன என்பது பிற்காலத்தில்தான் ஐயமின்றி நிறுவப்பட்டது. தவறியபோதும் தாம் கண்டதற்கு மேல் எதையும் அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. செல்போர்ன் இன்றும் இயற்கை ஆர்வலர்கள் தேடிச் செல்லும் இடமாக இருப்பதற்கு அந்த ஒரு நூலே காரணம்.

கிருஷ்ணனின் பத்தி இம்மரபைச் சேர்ந்தது. எனினும், அவர் எழுதிய நாட்டுப்புறம் நம்முடையது. மழைக்குப் பின் வரப்பில் ஏறும் தவளைகள், ஓட்டுவீட்டுக் கூரையில் குடும்பம் நடத்தும் அணில், நள்ளிரவில் கத்தும் கூகை, சாலையோரப் புளியமரம், சந்தையில் விலைபோகும் காளை ஆகிய அனைத்திற்கும் அவருடைய குறிப்பேட்டில் இடம் இருந்தது. காட்டுயிர் பற்றிய எழுத்து என்றாலே ஆட்கொல்லிப் புலியும் துப்பாக்கியும் என்று வாசகர்கள் பழகியிருந்த காலம் அது. வேட்டைக்கதைகளே அன்று விற்பனையாயின. கிருஷ்ணன் ஓணானைப் பற்றி எழுதினார். காக்கையைப் பற்றி எழுதினார். அவற்றை வியப்போடு படிக்கவும் வைத்தார். அவர் நடையில் கிண்டல் உண்டு. செய்தியில் பிழை இராது. உணர்ச்சி மிகுந்து விலங்கை மனிதனாக்குவதை அவர் விரும்பவில்லை.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரலாம். நாரையின் அலகைப் பனங்கிழங்குக்கு ஒப்பிட்ட சத்திமுத்தப் புலவரும், ஐந்திணைக்கும் உரிய புள்ளையும் விலங்கையும் மரத்தையும் பிரித்தறிந்த பழம்புலவர்களும் இதே கூரிய பார்வை உடையவர்கள்தாம். இடைக்காலத்தில் எங்கோ அப்பார்வை நம்மிடம் மங்கிவிட்டது.

வேடந்தாங்கல்

நீர்நிலைகளுள் கிருஷ்ணனின் ஈடுபாட்டைப் பெற்றவற்றுள் வேடந்தாங்கல் முதன்மையானது. அதைப் பற்றிச் சிறுநூல் ஒன்றும் அவர் எழுதினார்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அருகில் உள்ள அவ்வேரி, பரப்பில் பெரியதன்று. ஏறத்தாழ 30 எக்டேர்தான். மழைக்காலத்தில் நீர் நிரம்பியதும் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்கள் பாதி உயரம் மூழ்கும். மூழ்காத கிளைகளில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, வெண்கொக்கு, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் முதலியன கூடு கட்டும். ஒரே மரத்தில் பல இனங்கள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். சுற்றிலும் நீர் இருப்பதால் கூடுகளுக்குப் பூனை முதலிய பகைகளின் அச்சம் குறைவு. சுற்றுவட்டார ஏரிகளும் வயல்களும் இரை தருகின்றன. கோடை தொடங்கி நீர் வற்றும்போது, வளர்ந்த குஞ்சுகளோடு பறவைகள் பிரிந்து செல்லும்.

பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயலுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் செலவின்றிக் கிடைக்கின்றன. உழவர்கள் இதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித்தரும் முன்னரே அறிந்திருந்தனர். ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டு வேட்டையாடியபோது ஊரார் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டளவில் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசு, பறவைகளுக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்று ஊராருக்கு ஓர் உரிமைச்சீட்டு வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்பு என்னும் சொல் புழக்கத்திற்கு வரும் முன்பே ஓர் உழவர் ஊர் பறவைகளுக்காக அரசிடம் வாதிட்டு வென்ற வரலாறு இது.

கிருஷ்ணனின் கொள்கையோடு இவ்வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. காட்டுயிர்களுக்கு மனிதத் தலையீடற்ற நிலப்பரப்பு வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காப்புக் காடுகளுக்குள் மேய்ச்சலும் மரம் வெட்டுதலும் கூடாது என்று வாதிட்டார். அவர் கண்முன்னே காடுகள் சுருங்கிய வேகத்தை எண்ணினால் அவ்வுறுதிக்குக் காரணம் விளங்கும். வேடந்தாங்கலோ மனிதரும் பறவையும் ஒரே நீரைப் பகிர்ந்து வாழ்வதால் நிலைத்த இடம். யானைக் காட்டுக்குரிய விதி ஏரிக்கரைக்குப் பொருந்தாமல் போகலாம். ஏரிக்கரை விதி யானைக் காட்டுக்கும் பொருந்தாமல் போகலாம். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஒட்டுப்போட்ட கருவியும் யானைகளும்

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுத்தார். அவர் பயன்படுத்திய நிழற்படக் கருவி எந்தக் கடையிலும் கிடைப்பதன்று. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியையும் வேறொரு நிறுவனத்தின் தொலைவில்லையையும் இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்டது. அதன் கனத்தைக் கருதி அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அதைக் கண்ட பிற இயற்கையாளர்கள் வியந்தனர், சிலர் சிரித்தனர். படங்களைக் கண்டபின் சிரிப்பு நின்றது. விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. அது நிற்கும் புல்வெளியும் மூங்கிலும் ஓடையும் படத்தில் இருக்கும். விலங்கு எங்கே வாழ்கிறது என்பதைப் படமே சொல்லும்.

முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளை அவர் பல்லாண்டுகள் கவனித்தார். யானைகளே அவர் மிகுதியும் விரும்பிய உயிரினம்.

1968-இல் நேரு நினைவு ஆய்வுநல்கை அவருக்குக் கிடைத்தது. அதன் துணையோடு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் களஆய்வு மேற்கொண்டார். அம்முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்து, 1975-இல் நூலாயின. பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வுக்கூடமோ இன்றி, குறிப்பேடும் தொலைநோக்கியும் கொண்டு தனியொருவர் செய்த ஆய்வு அது. யானை, காட்டெருது, புள்ளிமான், கடம்பை, வெளிமான், செந்நாய் முதலியவற்றின் வாழ்வைப் பிற்காலத்தில் ஆராய வந்தோர்க்கு அது தொடக்கநிலைச் சான்றாக உதவியது.

அவருடைய சொல்லுக்கு அரசும் செவிசாய்த்தது. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். 1973-இல் தொடங்கப்பட்ட புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். குழுக்களில் அமர்ந்தும் அவர் இதமாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. தவறு என்று பட்டதைத் தவறு என்றே கூறினார். அதனால் மனவருத்தம் கொண்டோரும் உண்டு.

நம் மரம், நம் மண்

விலங்குகளைக் காப்பதற்குத் துணைநின்றோர் அக்காலத்தில் வேறு சிலரும் இருந்தனர். மரஞ்செடிகளுக்காக அதே அழுத்தத்தோடு வாதாடியவர்கள் குறைவு. தாவரவியல் கற்றவராதலின் கிருஷ்ணனுக்கு அவ்வேறுபாடு இல்லை. நகரச் சாலைகளிலும் பூங்காக்களிலும் அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் விடாது எதிர்த்தார். சாலையெங்கும் செந்நிறமாகப் பூக்கும் மயிற்கொன்றை மடகாசுகரிலிருந்து வந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். புங்கும் வேம்பும் மருதமும் முருக்கும் இலவும் இருக்க, அயல்மரம் எதற்கு என்பது அவருடைய வினா. நம் மரத்தின் கனி நம் பறவைக்கு இரை. அதன் இலை நம் பூச்சிக்கு உணவு. புதிதாக வந்த மரத்தோடு இவ்வுறவு அமைவதற்கு நெடுங்காலம் ஆகும். சோலைக்காடுகளும் புல்வெளிகளும் இருந்த மலைகளில் ஆத்திரேலியத் தைலமரங்கள் தோப்புத் தோப்பாக நடப்பட்டதைக் கண்ட தலைமுறை அவருடையது.

இன்று திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் எந்தக் கண்மாய்க்குள் நோக்கினாலும் அவருடைய வாதத்தின் நியாயம் புலப்படும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் நீர்ப்பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைப்போரும் இவ்வட்டாரத்தில் உள்ளனர் என்பதால், அதை ஒரே நாளில் அகற்றிவிடவும் இயலாது.

அதே மலையடிவாரத்தில் வேறொரு காட்சியும் உண்டு. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில், ஓடைக்கரையில் புளி, மா முதலிய உயர்ந்த மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்கின்றன. அங்கே சாம்பல்நிற அணில் வாழ்கிறது. நம் வீட்டு முற்றத்து அணிலைப் போலன்றி, உடலும் வாலுமாக ஒரு முழ நீளத்தையும் தாண்டும் பேரணில் அது. தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தரையில் இறங்க அஞ்சும். மரம்விட்டு மரம் தாவியே வாழும். ஆதலால், வரிசையில் நடுவே ஒரு மரம் வெட்டப்பட்டாலும் அதன் வழி அடைபடும். இவ்வணிலுக்காகவே 1988-ஆம் ஆண்டு ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர்க் காட்டுப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. புலிக்கும் யானைக்கும் சரணாலயம் அமைப்பது எவர்க்கும் விளங்கும். ஓர் அணிலின் பெயரால் காடு காக்கப்படும் நிலை வருவதற்கு, அணிலும் கருதத்தக்க உயிர் என்று நெடுங்காலம் சிலர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

தமிழில்

ஆங்கிலத்தில் இத்துணை எழுதிய கிருஷ்ணனைத் தமிழர் நெடுங்காலம் அறியவில்லை. அவர் கட்டுரையைக் கொல்கத்தா வாசகர்கள் காலைத் தேநீரோடு படித்தார்கள்; மயிலாப்பூரில் அடுத்த தெருவினர்க்கு அவர் யாரென்று தெரியாது. தமிழில் அவர் எழுதவில்லை என்பதன்று காரணம். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் விலங்குகளைப் பற்றிய கட்டுரைகளை எழுதியுள்ளார். தமிழ் இதழ்களிலும் எழுதியிருக்கிறார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் புதினமும் அவர் படைத்ததே. தந்தையின் மொழி அவரிடம் இறுதிவரை இருந்தது. தமிழில் இயற்கை எழுத்துக்கு அன்று இடம் ஒதுக்கிய இதழ்கள் சில. ஊதியம் வழங்கியவை அவற்றினும் சில. எழுத்தையே வாழ்வாதாரமாகக் கொண்டவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

முதுமையிலும் அவர் நடையைக் குறைக்கவில்லை. 1995-இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பு, உலகளவில் தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்கு வழங்கும் ‘குளோபல் 500’ சிறப்பை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டு, 1996 பிப்ரவரி 18-ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில் கிருஷ்ணன் மறைந்தார். 1950-இல் தொடங்கிய பத்தி அந்நாளோடுதான் நின்றது.

2000-ஆம் ஆண்டில் அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளின் தொகுப்பும், சில ஆண்டுகள் கழித்து நிழற்படங்களின் தொகுப்பும் வெளிவந்தன. தமிழ் இதழ்களிலும் கலைக்களஞ்சியத்திலும் சிதறிக்கிடந்த கட்டுரைகளைத் தேடித் திரட்டிச் சு. தியடோர் பாஸ்கரன் பதிப்பித்தார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் அத்தொகுப்பின் வழியாகத்தான், பெருங்குளத்து மாதவையாவின் கடைசி மகனைத் தமிழ் வாசகர்களுள் பலர் முதன்முதலாக அறிந்துகொண்டனர்.